கோடு ஏன் நடுங்குது? பழைய ஆசிலோஸ்கோப்பும் உங்க ஈசிஜியும்

1.
ஈசிஜி எடுத்த பேப்பரை எப்பவாவது உத்துப் பார்த்திருக்கீங்களா? சில நேரம் கோடு மெல்லிசா இல்லாம, ரம்பத்துப் பல்லு மாதிரி பொடிப்பொடியா நடுங்கித் தடிமனா இருக்கும். "என் இதயம் இப்படியா டாக்டர் துடிக்குது?"ன்னு பயந்து கேட்டவங்க உண்டு. அது உங்க இதயம் இல்லீங்க. கரண்ட். சுவத்துக்குள்ள ஓடுற அதே வீட்டுக் கரண்ட். இந்த நடுக்கத்துக்குப் பேரு ஹம். இன்னிக்கு இழை முழுக்க அதைப் பத்திதான். கொஞ்சம் நீளம், டீ எடுத்துக்கிட்டு உக்காருங்க.

2.
நம்ம ஊர் கரண்ட் வினாடிக்கு 50 தடவை முன்னும் பின்னுமா முழுசா ஒரு சுற்று போய் வருது. அதாவது 50 ஹெர்ட்ஸ். அமெரிக்காவில் 60. திருவிழாவுல மைக் செட்டு போட்டதும், யாரும் பேச ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஸ்பீக்கர்ல "ம்ம்ம்ம்"னு ஒரு உறுமல் வரும் இல்லையா? அதுதான் ஹம். ஸ்பீக்கர் இருந்தா காதுக்குக் கேக்கும். திரை இருந்தா கண்ணுக்குத் தெரியும்.

3.
கண்ணுக்குக் காட்டுற பெட்டிக்குப் பேரு ஆசிலோஸ்கோப். ஜெர்மன் இயற்பியலாளர் ஃபெர்டினாண்ட் பிரவுன் 1897-ல் உருவாக்கின கதிர்க்குழாய்தான் அதோட இதயம். பழைய டிவியில இருந்த பிக்சர் டியூபுக்கும் அதுவே மூதாதை. ஒரு எலெக்ட்ரான் கற்றை திரையில பச்சைப் புள்ளியா விழும். வோல்டேஜ் ஏறினா புள்ளி மேலே போகும், இறங்கினா கீழே வரும். அதே நேரத்துல இடமிருந்து வலமா சீரான வேகத்துல ஓடும். அவ்ளோதான். ஐசியூ மானிட்டர்ல பார்த்த பச்சைக் கோடு நினைவிருக்கா? அந்தப் பழைய மானிட்டர் அடிப்படையில ஒரு மெதுவான ஆசிலோஸ்கோப்தான்.

4.
இப்ப விஷயத்துக்கு வருவோம். கல்வராயன் மலை அடிவாரத்துல, கோமுகி அணைக்குப் பக்கத்துல வடக்கனந்தல். அங்க ஒரு மெக்கானிக் அண்ணன். மோட்டார் காயில் கட்டுறது, ஸ்டார்ட்டர் பெட்டி, ஸ்டெபிலைசர், இன்வெர்ட்டர் போர்டு, எல்லாம் பார்ப்பார். ஏதோ ஒரு பாலிடெக்னிக் லேப்ல கழிச்சுக்கட்டி, ஏலத்துல போய், சென்னை ரிச்சி தெருவுல ஒரு பழைய சாமான் கடை வரைக்கும் வந்து சேர்ந்த 20 மெகாஹெர்ட்ஸ் ஆசிலோஸ்கோப்பை அவர் வாங்கியிருந்தார். வயசு முப்பதுக்கு மேல. எனக்கு ஸ்கூல் காலத்துல இருந்தே சால்டரிங் பைத்தியம்னு அவருக்குத் தெரியும்.

5.
அவர் சொன்ன வார்த்தை இது: "சார், மத்தியானம் கோடு நூல் புடிச்ச மாதிரி நிக்குது. சாயந்தரமானா அலை அடிக்குது. உங்க சுகர் பேஷண்ட் மாதிரி வேளைக்கு ஒண்ணு காட்டுது."

இந்த ஒரு வாக்கியத்துலயே பாதி நோயறிதல் முடிஞ்சிடுச்சு. எப்படின்னு பின்னாடி சொல்றேன். வியாதியோ மெஷினோ, "எப்போ வருது, எப்போ வரல?"ங்கிற கேள்விதான் முதல் டெஸ்ட். அதுக்குக் காசும் கிடையாது.

6.
மூடியைக் கழட்டறதுக்கு முன்னாடி வெளியில இருந்தே செய்யக்கூடிய சோதனைகள் நிறைய இருக்கு. நாங்க செஞ்ச வரிசையிலயே சொல்றேன். உங்ககிட்ட பழைய ஸ்கோப் இருந்தா உதவும். இல்லாட்டியும் படிங்க, பின்னாடி ஈசிஜிக்கு இதே வரிசைதான் வரப்போகுது.

7.
முதல் கேள்வி: ஹம் வெளியில இருந்து வருதா, உள்ளயே பிறக்குதா?

இன்புட் சுவிட்சை கிரவுண்ட் நிலைக்குத் தள்ளுங்க. அப்போ வெளி உலகத்தோட தொடர்பு அறுந்துடும். அலை நின்னுட்டா குற்றவாளி வெளியே: ஒடிஞ்ச புரோப் வயர், கிளிப் மாட்டாத எர்த், பக்கத்து டியூப்லைட் சோக். நிக்கலன்னா பெட்டிக்குள்ளதான். எங்களுக்கு நிக்கல.

அடுத்து வோல்ட் குமிழைத் திருகினோம். அலையோட உயரம் மாறவே இல்ல. அப்போ கோளாறு அந்தக் குமிழுக்குப் பின்னாடி இருக்குற ஏதோ ஒரு இடத்துல.

8.
ரெண்டாவது கேள்வி: இது நிஜமாவே மெயின்ஸ் கரண்ட்தானா?

பழைய ஸ்கோப்ல டிரிகர் பகுதியில "லைன்"னு ஒரு நிலை இருக்கும். அதுல வெச்சா, கோடு ஓடத் தொடங்குறது வீட்டுக் கரண்டோட தாளத்துக்குப் பூட்டிக்கும். திரையில இருக்குற அலை கரண்டால வந்ததா இருந்தா சிலை மாதிரி அசையாம நிக்கும். வேற ஏதாவதுன்னா நகர்ந்துக்கிட்டே இருக்கும். எங்களோடது அப்படியே நின்னுச்சு.

9.
மூணாவது கேள்வி, எனக்கு ரொம்பப் பிடிச்சது: 50-ஆ, 100-ஆ?

ஒரு கட்டத்துக்கு 5 மில்லிசெகண்ட்னு வேகத்தை வைங்க. ஒரு அலை முடிய 4 கட்டம் எடுத்தா 50 ஹெர்ட்ஸ். 2 கட்டத்துலயே முடிஞ்சா 100 ஹெர்ட்ஸ்.

சுவத்துல இருந்து வர்றது 50 தான், 100 எங்கிருந்து வரும்? பவர் சப்ளையில நாலு டயோடு சேர்ந்த பிரிட்ஜ் இருக்கு. அது கரண்டோட கீழ்ப்பாதியையும் மேலே திருப்பி விடும். அதனால வினாடிக்கு 50 மேடு 100 மேடு ஆகுது. அந்த மேடு பள்ளத்தைச் சமன் செய்றதுதான் ஃபில்டர் கண்டன்சரோட வேலை.

10.
ஆக:

100 ஹெர்ட்ஸ், ரம்பப் பல்லு வடிவம்: பிரிட்ஜ் வேலை செய்யுது, அதுக்கு அப்புறம் உள்ள கண்டன்சரோ ரெகுலேட்டரோ திணறுது.
50 ஹெர்ட்ஸ், ரம்பப் பல்லு: பிரிட்ஜ்ல ஒரு டயோடு போயிருக்க வாய்ப்பு அதிகம்.
50 ஹெர்ட்ஸ், வழவழன்னு வளைஞ்ச அலை: காந்தப்புலம் அல்லது எர்த் தொந்தரவு. டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்துல இருந்தா அதோட காந்தப்புலமே எலெக்ட்ரான் கற்றையை ஆட்டிவிடும். அதைத் தடுக்கத்தான் கதிர்க்குழாயைச் சுத்தி மியூமெட்டல்னு ஒரு உலோகக் கவசம் போடுறாங்க. ஸ்கோப்பைத் தூக்கிட்டுப் போய் வேற மேஜையில, வேற திசையில வைங்க. அலை மாறினா காந்தப்புலம்தான்.

எங்களுக்கு 2 கட்டம். 100 ஹெர்ட்ஸ்.

11.
நாலாவது: எந்த உறுப்பு?

எக்ஸ்-ஒய் நிலைக்கு மாத்தினா கோடு போய் ஒரே ஒரு புள்ளியா நிக்கும். (வெளிச்சத்தை நல்லாக் குறைச்சுக்கோங்க, இல்லன்னா திரையோட பூச்சு அந்த இடத்துல கருகிடும்.) புள்ளி செங்குத்தா நீண்டா மேல்கீழ் ஓட்டுற சர்க்யூட்ல ஹம். படுக்கையா நீண்டா பக்கவாட்டு சர்க்யூட். சாய்வா நீண்டா ரெண்டுலயும், அதாவது ரெண்டுக்கும் பொதுவான சப்ளையில. வெளிச்சம் மட்டும் மினுமினுத்தா ஹை வோல்டேஜ் பக்கம்.

எங்க புள்ளி சாய்வா நீண்டுச்சு. பொது சப்ளை. இன்னும் ஒரு ஸ்க்ரூகூட கழட்டல, பாருங்க.

12.
இனிமேதான் மூடி. இங்க டாக்டரா ஒரு எச்சரிக்கை. இந்த ரகப் பெட்டியில கதிர்க்குழாய்க்கு 2,000 வோல்ட் அளவுக்குப் போகும். பிளக்கைப் பிடுங்கின பிறகும் கண்டன்சர்ல சார்ஜ் தங்கியிருக்கும். ஒரு கையில இருந்து இன்னொரு கைக்கு ஷாக் பாஞ்சா நடுவுல இருக்கிறது இதயம். அதனாலதான் பழைய டிவி மெக்கானிக்குங்க ஒரு கையைப் பின்னால கட்டிக்கிட்டு வேலை செய்வாங்க. அது ஸ்டைல் இல்ல. பழக்கம் இல்லாதவங்க திறக்கவே திறக்காதீங்க. தெரிஞ்சவங்ககூட, பிளக்கைப் பிடுங்கி, ரெசிஸ்டர் வழியா சார்ஜை வடிச்சு, மீட்டர்ல பூஜ்யம்னு பார்த்த பிறகுதான் கை வைக்கணும்.

13.
உள்ளே அளந்தது சுலபம். மீட்டரை டிசியில வெச்சு ஒவ்வொரு சப்ளையா பார்த்தோம். மைனஸ் 12 சரியா இருந்துச்சு. பிளஸ் 12 கம்மியா, 11 சொச்சம் காட்டுச்சு. அதே இடத்துல மீட்டரை ஏசியில வெச்சு, முனையில ஒரு சின்ன கண்டன்சரைத் தொடரா சேர்த்து அளந்தோம். (சில மலிவு மீட்டர் ஏசி நிலையில டிசியையும் சேர்த்துப் படிச்சுக் குழப்பும், அதுக்குத்தான்.) நல்ல சப்ளையில ஏசி கிட்டத்தட்ட இருக்கவே கூடாது. பிளஸ் 12-ல இருந்துச்சு.

அப்படியே சுவத்துக் கரண்டையும் அளந்தோம். 190 வோல்ட்!

14.
இங்கதான் "சாயந்தரமானா"ங்கிற வார்த்தைக்கு அர்த்தம் வருது.

இந்தப் பக்கம் கரும்பு, நெல், மரவள்ளி. கிணத்து மோட்டாரும் போர் மோட்டாரும் நிறைய. மும்முனை மின்சாரம் வர்ற நேரத்துல எல்லாரும் ஒண்ணாத்தான் மோட்டார் போடுவாங்க. அப்போ லைன் கடைசியில இருக்குற வீடுகள்ல 230 வர வேண்டிய இடத்துல வோல்டேஜ் படுத்துக்கும். ஃபேன் சோம்பலா சுத்தும், ஃபிரிட்ஜ் முனகும். அந்த நேரம் பார்த்துத்தான் ஸ்கோப்போட கோடும் அலை அடிக்குது.

15.
"அப்போ கோளாறு கரண்ட்லதான், ஒரு ஸ்டெபிலைசர் போட்டா தீர்ந்துச்சு"ன்னு தோணும். அண்ணனும் அதைத்தான் சொன்னார். ஸ்டெபிலைசர் அவர்கிட்டயே நாலு கிடக்கு. போட்டிருந்தா ஹம் அந்த நிமிஷமே நின்னிருக்கும். சந்தேகமே இல்ல.

ஆனா மைனஸ் 12-க்கும் அதே 190 தானே வருது? அது ஏன் ஒழுங்கா இருக்கு? அதே தண்ணி குடிச்ச ரெண்டு பேர்ல ஒருத்தருக்கு மட்டும் வயித்துப்போக்குன்னா, தண்ணியை மட்டும் குத்தம் சொல்லி விட்டுட முடியாது.

16.
பிளஸ் 12-க்கான ஃபில்டர் கண்டன்சரைக் கழட்டி அளந்தோம். மேலே 2200 மைக்ரோஃபேரட்னு அச்சு. மீட்டர் காட்டுனது 700 பக்கம். எலெக்ட்ரோலிட்டிக் கண்டன்சருக்குள்ள ஒரு திரவம் ஊறி இருக்கும். வருஷக்கணக்குல சூட்டுல அது காயும். சூடு 10 டிகிரி கூடினா ஆயுசு பாதியாகும்ங்கிறது தொழில்ல சொல்ற தோராய விதி. இந்தக் கண்டன்சர், சூடாகுற ரெகுலேட்டரோட ஹீட்சிங்க்கை ஒட்டி உக்காந்திருந்துச்சு. மைனஸ் பக்கத்து கண்டன்சர் கொஞ்சம் தள்ளி. அவ்ளோதான் வித்தியாசம்.

17.
கணக்குப் பிடிக்காதவங்க அடுத்த பகுதிக்குத் தாண்டிடலாம். பிடிச்சவங்களுக்கு, தோராயமா:

டிரான்ஸ்ஃபார்மர் 15 வோல்ட் ஏசி தருது. அதோட உச்சம் 21.2. டயோடுகள் எடுத்துக்கிற 1.4 போக 19.8. ஒவ்வொரு மேட்டுக்கும் நடுவுல 10 மில்லிசெகண்ட் கண்டன்சர்தான் தனியா சுமையைத் தாங்கணும். சுமை 0.4 ஆம்பியர்னா, 2200 உள்ள நல்ல கண்டன்சர்ல 1.8 வோல்ட் இறங்கும். 700 ஆகிப்போனதுல 5.7 வோல்ட் இறங்கும். 12 வோல்ட் ரெகுலேட்டருக்கு உள்ளே குறைஞ்சது 14 வேணும்.

230-ல்: நல்லது 18.0 வரை இறங்கும், கவலையில்ல. கெட்டது 14.1, மயிரிழையில தப்பும்.
190-ல் உச்சமே 16.1 தான்: நல்லது 14.3, அப்பவும் தப்பும். கெட்டது 10.4, மாட்டிக்கும்.

18.
பார்த்தீங்களா? நல்ல கண்டன்சர் இருந்தா 190-லயும் ஹம் வராது. கெட்ட கண்டன்சர் இருந்தாலும் 230-ல ஹம் வராது. ரெண்டும் சேர்ந்தாத்தான் வரும். மத்தியானம் கோடு நூல் பிடிச்ச மாதிரி நின்னது ஆரோக்கியம் இல்ல. நோய் ஒளிஞ்சிருந்த நேரம். ஸ்டெபிலைசர் போட்டிருந்தா அது இன்னும் கொஞ்ச நாள் ஒளிஞ்சிருக்கும், அவ்வளவுதான்.

படி ஏறும்போது மட்டும் நெஞ்சு இறுக்குது, உக்காந்தா சரியாப்போயிடுதுன்னு சொல்றவங்களை நாங்க ஏன் விடாம துருவித் துருவிக் கேக்குறோம்னு இப்போ புரியும். இதயத் தமனியில அடைப்பு படுத்திருக்கும்போதும் இருக்கு. தேவை கூடும்போதுதான் வெளியே தெரியுது.

19.
புது கண்டன்சர் 2200 மைக்ரோஃபேரட், 35 வோல்ட். நாலு டீ காசு. துருவம் மாத்திப் போட்டா வெடிக்கும், பார்த்துப் போடணும். முதல் தடவை ஆன் பண்ணும்போது சீரீஸ் போர்டு வழியா, அதாவது ஒரு குண்டு பல்பைத் தொடரா போட்டு ஆன் பண்ணினோம். உள்ளே ஷார்ட் இருந்தா பல்பு பிரகாசமா எரிஞ்சு காட்டிக்கொடுக்கும், மெஷின் தப்பிக்கும். பல்பு ஒரு தடவை மின்னி மங்கிடுச்சு. பிறகு நேர் கரண்ட். அன்னிக்குச் சாயந்தரம் மோட்டார் ஓடுற நேரத்துலயே, 190 வோல்ட்லயே, கோடு நேரா நின்னுச்சு. சோதிக்க வேண்டிய நேரம் அதுதான். மத்தியானம் சோதிச்சு "சரியாயிடுச்சு"ன்னு சொல்றதுல அர்த்தமே இல்ல.

20.
இந்தக் கதையில சொல்லியே ஆக வேண்டிய இன்னொண்ணு. அண்ணனுக்கு யாரோ ஒரு யோசனை சொல்லியிருந்தாங்க: "பிளக்ல மூணாவது பின்னை வெட்டிடுங்க, ஹம் போயிடும்."

சில வகை ஹம் நிஜமாவே போகும். ரெண்டு மெஷினோட எர்த் வழியா ஒரு வளையம் உண்டாகி அதுல வர்ற ஹம் இருக்கு, எர்த்தை அறுத்தா வளையமும் அறுந்துடும். அதனாலதான் இந்த யோசனை இவ்ளோ காலம் உயிரோட இருக்கு. எங்களோட ஹம் அந்த வகையே இல்ல. வெட்டியிருந்தாலும் ஒரு மண்ணும் நடந்திருக்காது.

21.
அந்த மூணாவது பின் எதுக்கு? உள்ளே டிரான்ஸ்ஃபார்மரோட இன்சுலேஷன் ஒருநாள் விட்டுப்போய் கரண்ட் இரும்புப் பெட்டிக்கு வந்தா, அது உங்க உடம்பு வழியா போகாம நேரா மண்ணுக்குப் போறதுக்கு. பின்னை வெட்டிட்டா மண்ணுக்குப் போற வழி நீங்கதான்.

சுமார் 10 மில்லி ஆம்பியர்லயே கை விரல் இறுகிப் பிடிச்சுக்கும், விட நினைச்சாலும் விட முடியாது. 50-ல இருந்து 100 மில்லி ஆம்பியர் நெஞ்சு வழியா சில வினாடி ஓடினா இதயம் சீரா துடிக்கிறதை விட்டுட்டு வெறுமனே நடுங்க ஆரம்பிக்கும். ஒரு சின்ன இரவு விளக்கு எடுக்குற கரண்ட் அளவுதான் அது. வீட்டுக் கரண்டோட 50 ஹெர்ட்ஸ் இந்த நடுக்கத்தைத் தூண்டுறதுல ரொம்பக் கெட்டிக்காரன்.

கேஷுவால்ட்டிக்கு வர்ற கரண்ட் கேஸ் பலதுல நாங்க செய்யறதுக்கு எதுவும் மிச்சம் இருக்கறதில்ல. அதனால கெஞ்சிக் கேக்குறேன். ஹம் வரட்டும், பரவாயில்ல. எர்த் பின்னை வெட்டாதீங்க.

22.
சரி, ஈசிஜிக்கு வருவோம். இதயத்துல இருந்து தோலுக்கு வர்ற சிக்னல் சுமார் 1 மில்லிவோல்ட், அதாவது ஒரு வோல்ட்ல ஆயிரத்துல ஒரு பங்கு. மாரடைப்பைக் காட்டுற மாற்றம் அதுலயும் பத்துல ஒரு பங்கு இருக்கலாம், பேப்பர்ல வெறும் 1 மில்லிமீட்டர். நம்ம உடம்போ சுத்தி இருக்குற வயரிங்ல இருந்து சும்மாவே அதைப்போல பல மடங்கு ஹம்மை வாங்கி வெச்சிருக்கு. அந்தக் கூச்சல்ல இருந்து இந்தக் கிசுகிசுப்பைப் பிரிச்செடுக்கறதுதான் ஈசிஜி மெஷினோட திறமை.

23.
வில்லெம் ஐந்தோவன், நெதர்லாந்துக்காரர், ஜாவாவுல பிறந்தவர். ஈசிஜியை நடைமுறைக்குக் கொண்டுவந்ததுக்கு 1924-ல் நோபல் பரிசு வாங்கினவர். அவரோட மெஷின்ல நோயாளி கையையும் காலையும் உப்புத் தண்ணி வாளியில விட்டுக்கிட்டு உக்காரணும். தோலுக்கும் வயருக்கும் நல்ல தொடர்பு வேணும், அதுக்குத்தான் வாளி. இன்னிக்கு அந்த வாளிக்குப் பதிலா ஒரு சொட்டு ஜெல். அந்தச் சொட்டு காஞ்சிருந்தா ஹம் புகுந்துடும்.

24.
இங்கயும் 50-ஆ இல்லையான்னு எண்ணலாம். ஈசிஜி பேப்பர்ல ஒரு பெரிய கட்டம் 0.2 வினாடி. அதுக்குள்ள சீரா 10 பல்லு இருந்தா 50 ஹெர்ட்ஸ், கரண்ட்தான். ஒழுங்கே இல்லாம முள்ளு முள்ளா இருந்தா குளிர்லயோ பயத்துலயோ தசை நடுங்குது, ஒரு போர்வை போதும். வினாடிக்கு அஞ்சு அலை மாதிரி மெதுவா வந்தா? பார்கின்சன் நடுக்கமா இருக்கலாம். ஏட்ரியல் ஃப்ளட்டர்ங்கிற இதயத்துடிப்புக் கோளாறும் கிட்டத்தட்ட அதே வேகம். ரெண்டையும் குழப்பிக்கிட்டா தேவையில்லாத மருந்து போகும்.

25.
எந்த வயர்னும் கண்டுபிடிக்கலாம். சிவப்பு வலது கை, மஞ்சள் இடது கை, பச்சை இடது கால், கருப்பு வலது கால். லீட் 1-லயும் 2-லயும் ஹம், 3 சுத்தம்னா சிவப்பு. 1-லயும் 3-லயும்னா மஞ்சள். 2-லயும் 3-லயும்னா பச்சை. எல்லாத்துலயும்னா முதல்ல கருப்பைப் பாருங்க. கருப்பு வயர் படம் எடுக்கறதில்ல. பல மெஷின்ல, உடம்புல ஏறின ஹம்மைத் தலைகீழாக்கித் திருப்பி அனுப்பி அதை அடக்குறது அந்த வயரோட வேலை. ஸ்கோப்ல புள்ளி சாய்ஞ்ச திசையைப் பார்த்தோமே, அதே தர்க்கம்.

26.
ஒரு ராத்திரி. மலையில இருந்து இறங்கி வந்த ஒரு பெரியவர். வயலுக்குத் தண்ணி கட்டிட்டு இருந்தவரை அப்படியே அழைச்சிட்டு வந்திருந்தாங்க. "நெஞ்சு கனமா இருக்கு, வேர்த்துக் கொட்டுது." ஈசிஜி எடுத்தா லீட் 2, 3 ரெண்டும் தடிமனான ரம்பம். லீட் 1 மட்டும் சுத்தம். மெஷின்ல ஃபில்டர் பட்டன் இருக்கு, அமுக்கினா கோடு அழகாயிடும்.

பச்சை கிளிப்பைப் பார்த்தோம். இடது கணுக்கால்ல காஞ்ச சேறு, அது மேலேயே கிளிப். தண்ணியால துடைச்சு, ஜெல் வெச்சு, திரும்ப மாட்டினோம். ஒரு நிமிஷம்கூட ஆகல. ஃபில்டரே இல்லாம கோடு தெளிஞ்சுது. 2, 3, ஏவிஎஃப் மூணுலயும் எஸ்டி பகுதி ஒன்றரை மில்லிமீட்டர் மேலே. இதயத்தோட அடிப்பக்கச் சுவர்ல மாரடைப்பு. சிகிச்சை உடனே ஆரம்பிச்சு, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். பிழைச்சுக்கிட்டார்.

27.
ஃபில்டரே கெட்டதுன்னு சொல்ல வரல. ஆனா அது எடுத்துப் போடறதுல ஹம் மட்டும் இருக்காது. பெரியவங்களுக்கு ஈசிஜி 0.05-ல இருந்து 150 ஹெர்ட்ஸ் வரை எடுக்கணும்னு அமெரிக்க இதய சங்கத்தோட 2007 பரிந்துரை சொல்லுது. "தசை ஃபில்டர்" பலதும் 35-40 ஹெர்ட்ஸ்லயே வெட்டிடும். சின்னச் சின்ன கூர்மைகள், பேஸ்மேக்கர் கோடு எல்லாம் மழுங்கும். கோட்டோட அலைச்சலை நிறுத்துற இன்னொரு ஃபில்டர் எஸ்டி பகுதியோட வடிவத்தையே மாத்திக் காட்டலாம். மாரடைப்பைத் தேடுறதே அந்தப் பகுதியிலதான். முதல்ல காரணத்தைத் தேடணும். ஃபில்டர் அப்புறம்தான்.

28.
நீங்க செய்ய வேண்டியது:

ஈசிஜி ரெண்டாவது தடவை எடுத்தா கோவிச்சுக்காதீங்க. "மெஷின் சரியில்ல"ன்னு நினைக்காதீங்க. சரியா எடுக்க நினைக்கிறாங்க.
கை கால்ல எண்ணெய், சேறு, மஞ்சள், தைலம் இருந்தா துடைக்கச் சொல்லிக் கேளுங்க. நெஞ்சுவலின்னா வீட்லயே குளிச்சுட்டு வர்றேன்னு மட்டும் உக்காராதீங்க. அப்படியே வாங்க, நாங்க துடைச்சுக்கிறோம்.
போனைத் தள்ளி வைங்க. கட்டில் இரும்பைப் பிடிச்சுக்காதீங்க. உடம்பைத் தளர விடுங்க. குளிருதுன்னா சொல்லுங்க.

ஈசிஜி எடுக்கிற தம்பி, தங்கைகளுக்கு: ஹம் போகலன்னா சார்ஜர் வயரைப் பிடுங்கி பேட்டரியில ஒரு தடவை எடுத்துப் பாருங்க. குறைஞ்சா சப்ளை, எர்த் பக்கம் ஆள் வரச் சொல்லுங்க. குறையலன்னா கிளிப், ஜெல், வயர், கட்டிலை ஒட்டின சுவத்து வயரிங்.

29.
வீட்டுக்கு: 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒண்ணு மெயின் போர்டுல இருக்கான்னு எலெக்ட்ரீஷியனைக் கேளுங்க. கரண்ட் ஒழுகினா உயிருக்கு ஆபத்தாகறதுக்கு முன்னாடி அதுவே அணைச்சிடும். மாசம் ஒரு தடவை அதுல இருக்குற டெஸ்ட் பட்டனை அமுக்கிப் பாருங்க. டக்குனு விழணும்.

யாருக்காவது ஷாக் அடிச்சா முதல்ல மெயினை அணைங்க. அணைக்கிறதுக்கு முன்னாடி ஆளைத் தொடாதீங்க. மூச்சு இல்லன்னா நெஞ்சு நடுவுல நிமிஷத்துக்கு 100-ல இருந்து 120 தடவை அழுத்திக்கிட்டே இருங்க. இன்னொருத்தர் 108-க்குக் கூப்பிடணும்.

30.
கடைசியா எர்த் குழி. மலையடிவாரத்துல பாறை மண்ணு. கோடையில காஞ்சா எர்த் சரியா பிடிக்காது. மழைக்காலத்துல நல்லா இருந்த எர்த் சித்திரையில பேருக்குத்தான் இருக்கும். குழியில கரியும் உப்பும் போட்டுக் கட்டியிருந்தா வெயில் காலத்துல தண்ணி ஊத்தி வைங்க. வருஷத்துக்கு ஒரு தடவை, அதுவும் கோடையிலயே, எலெக்ட்ரீஷியனை வெச்சு அளக்கச் சொல்லுங்க. மழை பெய்ஞ்ச மறுநாள் அளந்தா எல்லா எர்த்தும் நல்ல எர்த்தாத்தான் தெரியும்.

ஸ்கோப் பத்தியோ ஈசிஜி பத்தியோ சந்தேகம் இருந்தா கீழே கேளுங்க. டியூட்டி முடிஞ்சதும் பதில் போடுறேன். நெஞ்சுவலி இப்பவே இருக்குன்னா இங்க கேக்காதீங்க, பக்கத்துல இருக்குற ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க.